துண்டு போட்ட சீட்டு

என் சின்ன மாமனாரிடம் இருந்ததுதான் எங்கள் மாவட்டத்திலேயே வேகமான கார். நான் பார்த்தபோதெல்லாம் அது பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தது. மற்ற நேரங்களில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் பொறுமையாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து பத்துப் பேர் போன் செய்து, "நடந்தது அப்படி இல்லீங்க" என்று திருத்துவார்கள். மனைவியின் சித்தப்பா என்பதால் எனக்கு மாமா. அவர் இப்போது இல்லை. கார் இருக்கிறது.

மாமாவிடம் ஒரு குணம் உண்டு. தான் வீட்டுக்குக் கொண்டுவந்த எதையும் குறை சொல்ல மாட்டார், பிறரையும் சொல்ல விடமாட்டார். குவைத்திலிருந்து ஒருமுறை ஒரு மேஜை விசிறி கொண்டுவந்தார். அது இடப்பக்கம் மட்டும் திரும்பும். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தபோது, "அது அங்கிட்டு திரும்பாது. அது டிசைன். காத்து வேணும்னா இங்கிட்டு வந்து உக்காருங்க" என்றார். வீட்டில் எல்லோரும் இடப்பக்கமாக உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

'டிசைன்' என்பது அவர் குவைத்தில் கற்ற வார்த்தை. அங்கே ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளியின் ஜெர்மன் காரைச் சர்வீஸுக்கு விடப் போகும்போதெல்லாம் இன்ன சத்தம் வருகிறது, இன்ன விளக்கு எரிகிறது என்று இவர் சொல்வாராம். அங்கிருந்த இஞ்சினியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது பழுதில்லை, டிசைன் என்று அனுப்பிவிடுவாராம். உலகத்தை இவ்வளவு எளிதாக மன்னிக்க ஒரு வார்த்தை இருக்கிறது என்பதில் மாமாவுக்குப் பெரிய மகிழ்ச்சி.

அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள்களில் நானும் ஒருவன். விடுமுறையில் வந்தவர் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்தார். வடை சுற்றிக் கொடுத்த காகிதத்தை, வடையைத் தின்றுவிட்டு, மடிப்பு நீக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு படிக்கிறவன் நன்றாக வருவான் என்று தன் அண்ணனிடம் எடுத்துச் சொல்லி, அவர் மகளை எனக்குக் கட்டிவைத்தார். சில வருடங்களில் நான் பார்த்துக்கொண்டிருந்த பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, நகைச்சுவை எழுதப்போகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்தேன். மாமனார் வீட்டில் உறவெல்லாம் கூடியது; விடுமுறையில் வந்திருந்த மாமாவும் இருந்தார். நான் உள்ளறையில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ கொண்டாந்த மாப்பிள்ளைதான்டா. வேலைக்கும் போகல, வெளியிலயும் போகல. எந்நேரமும் புஸ்தகத்தப் பாத்துத் தானாச் சிரிச்சுக்கிட்டு இருக்காரு" என்றார் மாமனார்.

மாமா அசரவில்லை. "அவரு அப்படித்தாண்ணே. அது டிசைன்" என்றார்.

என்னைப் பற்றி இதைவிட நல்ல விமரிசனம் இன்றுவரை வரவில்லை.

இனி காருக்கு வருகிறேன். குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த மாமா, அடுத்த ஆடியில் மொய் விருந்து வைத்தார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வருடக்கணக்காக ஊரார் விசேஷங்களில் செய்த மொய்யை, ஒருநாள் கிடா வெட்டிக் கறிச்சோறு போட்டு மொத்தமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. வந்த பணத்தில் தண்ணீருக்குப் போர் போடுவார்கள், வீட்டுக்கு மாடி எடுப்பார்கள். புயலில் மாமாவின் தென்னைகள் முக்கால்வாசி சாய்ந்திருந்தன. கன்று வைக்கவும் ஆழமாக ஒரு போர் போடவும் இந்தப் பணம் என்று அவர் மனைவி, எனக்கு அத்தை, முடிவு செய்து வைத்திருந்தார். மாமா எவரிடமும் சொல்லாமல் கோயம்புத்தூருக்குப் போய்ப் பழைய ஜெர்மன் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அதே கம்பெனி, குவைத்து முதலாளி வைத்திருந்த அதே ரகம். எட்டு சிலிண்டர். நீங்கள் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் நூறைத் தொட்டுவிடும்.

வாங்கப் போனபோது படித்தவன் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கண்விழித்து அந்தக் காரைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்திருந்தேன். வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷன் போய்விடும், ஆயில் ஒழுகும், இந்தக் காரை வாங்குவது சுலபம், வைத்திருப்பதுதான் கஷ்டம் என்று அவர்கள் ஒருமனதாக எழுதியிருந்தார்கள். நேரில் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோய், முன்சக்கரத்தை ஒருமுறை காலால் உதைத்தேன். சக்கரம் ஒன்றும் சொல்லவில்லை.

"டாக்டர் ஓட்டுன வண்டி சார்" என்றார் விற்றவர். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் டாக்டர்களே ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் வைத்தியம் பார்ப்பது எப்போது என்று யாராவது ஆராய வேண்டும்.

கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. தெருவே கூடியது. அத்தை ஆரத்தி எடுக்க வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க குவைத்துல இருந்தீங்க. இங்க ஊரு ஊராப் போயி மொய் செஞ்சது யாரு?"

"நீதான்."

"போர் போடணும்னு சொன்னது யாரு?"

"நீதான். இந்தா, இதும் ஒனக்குத்தான் வாங்கியிருக்கேன்."

"எனக்குன்னா என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்ல? நீங்களே வச்சு ஓட்டுங்க. நான் ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தை கோபத்தில் சொன்ன வார்த்தைகளை மறுநாள் மறந்துவிடுகிற ஆள் இல்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, காரின் பின்கதவைத் திறந்து, இடப்பக்கச் சீட்டில் விரித்தார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அப்படி. சொந்தக் காரில் துண்டு போட்டு இடம் பிடித்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

அதன்பின் அந்தத் துண்டு துவைக்க மட்டும்தான் வெளியே வரும். காய்ந்ததும் மறுபடியும் சீட்டுக்குப் போய்விடும்.

மொய்ப் பணத்தில் கார் வாங்கினால் இன்னொரு சங்கடம் உண்டு. மொய் எழுதிய ஒவ்வொருவரும் அந்தக் காரில் தனக்கும் ஒரு கதவோ ஒரு சக்கரமோ உண்டு என்று நினைப்பார்கள். காதுகுத்து, சடங்கு, பெண் பார்ப்பது, ஆஸ்பத்திரி என்று ஆள்மாற்றி ஆள் வந்தார்கள். மாமா ஒருவரையும் இல்லை என்று அனுப்பியதில்லை. ஆனால் பின்சீட்டில் இரண்டு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார். பங்காளி ஒருவர் ஒருமுறை இடம் இல்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்ணே, அந்தா ஒரு சீட்டு சும்மாதான கெடக்கு?"

"துண்டு கெடக்குல்ல? அதுக்கு ஆள் வருது."

"யாரு வாரா?"

"வருதுய்யா. நீ முன்னால வந்து என் பக்கத்துல உக்காரு. இவரு பொறத்தால பஸ்ஸுல வருவாரு" என்று என்னை இறக்கிவிட்டார்.

நான் பஸ்ஸில் போனேன். பஸ்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. காரணம் வேகத்தடைகள். கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒவ்வோர் ஊரும் தன் பங்குக்கு ஒரு மேடாவது போட்டிருக்கும். மாமாவின் கார் சாலையோடு சாலையாகப் பதுங்கிப் போகும் ஜாதி. ஆள் ஏறினால் இன்னும் பதுங்கும். மேட்டில் வயிறு தட்டி 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் மாமாவின் முகம் தன் குழந்தை அழுவதைக் கேட்டதுபோல் ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்பாக வண்டியை நிறுத்தி, "எறங்கிக்கங்க" என்பார். பட்டுப்புடவையும் தாம்பாளமுமாக எல்லோரும் இறங்கி மேட்டைத் தாண்டி நடப்பார்கள். வெற்றுக் கார் உடம்பைச் சாய்த்து, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏறி இறங்கும். அந்தப் பக்கம் போய் எல்லோரும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஒரு காதுகுத்துக்கு இப்படி ஊர் ஊராக இறங்கிக் கும்பலாக நடந்தபோது, ஓட்டுக் கேட்டு வருகிறோம் என்று நினைத்து ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி விவரமாகச் சொன்னார். கவனிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல முடியும்?

"இவ்வளவு காசு குடுத்து வாங்கிட்டு நடந்து போறமே மாமா" என்றேன்.

"நம்ம ரோடு அப்படி. இது நேரா ஓடுறதுக்குப் பண்ணுன வண்டி. அது டிசைன்."

அப்போது டவுன் பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. படியில் நின்ற கண்டக்டர் தலையை நீட்டி, "என்ன மாமா, வண்டி நல்லா நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதே பஸ்ஸில், டிரைவருக்குப் பின்சீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தார். அவரும் அதே காதுகுத்துக்குத்தான் போனார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. மண்டபத்தில் இலையில் உட்காரும்போது பக்கத்திலிருந்த பெண்ணிடம் எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "எனக்கு அரசாங்கமே வண்டி விட்ருக்கு. டிக்கெட்டும் கெடையாது. பெட்ரோலும் அவுகளே ஊத்திக்கிறாக."

பழுதுகள் ஒவ்வொன்றாக வந்தன. புதுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் பானட்டைத் திறந்தார், எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்தார், சாமி சந்நிதியை மூடுவதுபோல் மெதுவாக மூடிவிட்டு, "திருச்சிக்குக் கொண்டு போயிருங்கண்ணே" என்றார். ஆயில் ஒழுகியது. மாமா கீழே ஒரு தகரத் தட்டை வைத்தார். டிசைன். ராத்திரி நிறுத்திவிட்டுப் போனால் காலையில் ஒரு பக்கம் படுத்திருக்கும். ஒரு பக்கமாகப் படுத்தால்தான் எனக்கும் தூக்கம் வரும் என்பதால் நான் அதைக் குறை சொல்லவில்லை. எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை, சீட்டைச் சூடாக்கும் வசதி. பொத்தானை அழுத்தினால் முதுகும் இடுப்பும் வெதுவெதுவென்று சுடும். சித்திரையில் வெயிலில் நிறுத்திய எந்தக் காரிலும் பொத்தான் இல்லாமலே இந்த வசதி கிடைக்கும் ஊர் எங்களுடையது. ஊரே சிரித்தது. நானும் சிரித்து, அதை ஒரு கட்டுரையாகவும் எழுதிவிட்டேன். வண்டியில் வேறெது கெட்டாலும் தவணை சொல்லும் மாமா, அந்தச் சூடு மட்டும் வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை பின்சீட்டில் கையை வைத்துப் பார்த்துக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

கேட்காமலே ஒருநாள் தெரிந்தது. திருச்சிக்குச் சர்வீஸுக்கு விட்டு எடுத்துக்கொண்டு திரும்பும்போது, நாங்கள் இருவர் மட்டும். நான்குவழிச் சாலை காலியாகக் கிடந்தது. மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார். பிறகு காலை அழுத்தினார். என் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியதும், வயிறு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்ததும் நினைவிருக்கிறது. உடனே காலை எடுத்துவிட்டார். வண்டியை ஓரங்கட்டினார். ஒரு நன்னாரி சர்பத் கடை இருந்தது. ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு வந்து காரில் சாய்ந்து நின்றோம்.

"இந்த ஓட்டம் நமக்கு வேணாம் மாப்ள. ஆனா இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

"அப்ப எதுக்கு மாமா இந்த வண்டி?"

சர்பத்தைக் குடித்து முடித்தார். "அந்த முதலாளிக்கு ஒரு ஆத்தா. ஒங்க அத்தை மாதிரியே இடுப்பு வலி. அந்த ஊரு மார்கழிக் குளிருல நடக்கவே முடியாது. பின்னால இடப்பக்கம் உக்கார வச்சு, சீட்டுல சூட்டைப் போட்டா, அடுத்த சிக்னல் வர்றதுக்குள்ள தூங்கிடும். நான் கண்ணாடில பாத்துக்கிட்டே மெதுவா ஓட்டுவேன். அத்தனை வருசமும் மாப்ள, நான் அங்க அடுத்தவன் ஆத்தாளத் தூங்க வச்சுக்கிட்டு இருந்தேன். இவ இங்க பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயி எனக்காக மொய் எழுதிக்கிட்டு இருந்தா."

நான் அந்தத் துண்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"இதை அத்தைகிட்ட சொன்னீங்களா?"

"இதெல்லாம் எப்படி மாப்ள சொல்றது? சீட்டு இருக்குல்ல. வருவா."

இதுதான் மாமா. நாலு வருடம் இடம் பிடித்து வைத்தாரே தவிர, ஆளை ஒருதடவை கூடக் கூப்பிடவில்லை. எல்லாப் பழுதுக்கும் சமாதானம் வைத்திருந்தவரிடம் அத்தைக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. நான் சொல்லியிருக்கலாம்தான். எனக்கு அந்த வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேசத் தைரியம் கிடையாது. அதுவும் டிசைன்.

கடைசியில் பெட்ரோல் பம்ப்பும் போனது. வண்டியில் விளக்கெல்லாம் எரியும், கண்ணாடி இறங்கும், பாட்டுப் பாடும், சீட்டு சூடாகும், எஞ்சின் மட்டும் வராது. அந்தக் கோடையில் பழைய போரும் வற்றியது. மிச்சமிருந்த தென்னைகளில் குரும்பை உதிர ஆரம்பித்தது. அத்தை குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல், இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா எனக்குப் போன் செய்தார்.

"யாராவது வண்டி வாங்குற ஆளு தெரிஞ்சா கூட்டியாங்க மாப்ள. வித்துப்புட்டு போரப் போட்டுருவோம்."

அன்று அவர் டிசைன் என்ற வார்த்தையையே சொல்லவில்லை என்பதைப் போனை வைத்தபிறகுதான் கவனித்தேன்.

திருச்சியிலிருந்து ஒரு புரோக்கரை அழைத்துக்கொண்டு போனேன். வானம் கருத்துக்கொண்டு வந்தது. கார் தென்னந்தோப்பு ஓரத்தில் வெட்டவெளியில் நின்றது. புரோக்கர் சுற்றிவந்தார். தகரத் தட்டைப் பார்த்தார். குனிந்து வண்டியின் வயிற்றைப் பார்த்தார்.

"என்னங்க இது, ஒரு பக்கமாப் படுத்திருக்கு?"

மாமா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"ஓடுற வண்டியா இருந்தாலே இதை வாங்க ஆள் யோசிப்பான். இப்ப வெட்டித்தான் விக்கணும். கதவு தனி, சீட்டு தனி, எஞ்சின் தனி. பார்ட்ஸ் விலைதான் குடுக்க முடியும்" என்று சொல்லிக்கொண்டே புரோக்கர் பின்கதவைத் திறந்தார். துண்டை எடுத்து முன்சீட்டில் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தார். "சீட்டு மட்டும் புதுசாட்டம் இருக்கு."

மாட்டுக் கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "யாருங்க அது? எந்திரிங்க."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தை வந்தார்.

"துண்டு கெடந்துச்சுல்ல? பஸ்ஸுன்னாக்கூட துண்டு கெடந்தா ஒருத்தரும் உக்கார மாட்டாகளே. மொதல்ல எறங்குங்க."

"இல்லம்மா, வண்டி விக்கிறதாச் சொன்னாங்க..."

"யாரு சொன்னா? நல்லாருக்க வண்டியை வெட்டி விப்பாகளாம். எங்கிட்ட ஆடு கெடக்கு. அத வித்துப் போர் நான் போட்டுக்கிறேன். இது எங்க வீட்டு வண்டி, இப்படித்தான் படுத்துருக்கும். ஒங்களுக்கென்ன?"

புரோக்கர் இறங்கி என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். அவர் தன் பைக்கை நோக்கி நடந்தார்.

பெரிய துளியாக இரண்டு மூன்று விழுந்தன. அத்தை முன்சீட்டில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி பின்சீட்டில் விரிக்கக் குனிந்தார். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மாமா பக்கத்தில் போனார். துண்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியவர், நீட்டியபடியே கேட்டார்: "செத்த உக்காந்து பாக்குறியா?"

அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "இதக் கேக்க நாலு வருசமா?" என்றார். துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே உட்கார்ந்தார். மாமா முன்னால் எட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். கியரை நியூட்ரலில் போட்டார். மழை வலுத்தது. நூறு அடி தள்ளித் தகரக் கொட்டகை இருந்தது.

"நான் எறங்கிக்கிறேன். பாரமா இருக்கும்."

"நீ உக்காரு. மாப்ள, அங்கிட்டுப் பிடிங்க."

எட்டு சிலிண்டர் காரை இரண்டு பேர் தள்ளுவது எப்படி என்று எந்த வெளிநாட்டுக்காரரும் எழுதியிருக்கவில்லை. மாமா டிரைவர் பக்க ஜன்னல் வழியாக ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தோளால் தள்ளினார். நான் பின்னாலிருந்து, முதுகு விட்டுப்போகாமல் எவ்வளவு தள்ளலாமோ அவ்வளவு தள்ளினேன். கார் அசைந்தது. ஈரமண்ணில் மெல்ல நகர்ந்தது. திறந்த ஜன்னல் வழியாக அத்தையின் குரல் தூக்கக் கலக்கத்தில் வருவதுபோல் வந்தது.

"இதமாத்தான் இருக்கு. ஏங்க, ஓடுறப்பயும் இப்படித்தான் சத்தமே இல்லாம ஓடுமா?"

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆமா. அது டிசைன்."